‘ஏஐசிடிஇ அப்ரூவ்டு’ என்றால் போதுமா? என்பிஏ, நாக், வாஷிங்டன் உடன்படிக்கை... பொறியியல் கல்லூரி விளம்பரங்களில் வரும் முத்திரைகளின் உண்மையான அர்த்தம் என்ன?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பஸ் ஸ்டாண்ட் முதல் பேப்பரின் முதல் பக்கம் வரை பொறியியல் கல்லூரி விளம்பரங்கள் நிறைந்துவிடும். கட்டடத்தின் படம், பிளேஸ்மென்ட் ஆன மாணவர்களின் படம், கீழே வரிசையாக நாலைந்து முத்திரைகள். ‘ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்றது, அண்ணா பல்கலைக்கழக அங்கீகாரம் பெற்றது, நாக் அங்கீகாரம் பெற்றது, என்பிஏ அங்கீகாரம் பெற்றது...’

பெரும்பாலான பெற்றோர் இதைப் பார்த்துவிட்டு, “எல்லா அங்கீகாரமும் இருக்கு, நல்ல காலேஜ்தான்” என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் இருக்கிறதா, பஸ் வருமா?

ஆனால் இந்த முத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. ஒன்று சட்டப்படி இருந்தே ஆக வேண்டியது. இன்னொன்று, இல்லாவிட்டாலும் கல்லூரி நடக்கலாம். ஒன்று மொத்தக் கல்லூரிக்கும் பொருந்தும். இன்னொன்று ஒரே ஒரு படிப்புக்கு, அதுவும் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் பொருந்தும். இந்த வித்தியாசம் படித்து முடித்துப் பல ஆண்டுகள் கழித்துக்கூடப் பிரச்சினையாக வந்து நிற்கலாம். 2018-ல் குவைத்தில் அப்படித்தான் நடந்தது.

குவைத்தில் என்ன நடந்தது?

வெளிநாட்டுப் பொறியாளர்கள் தங்கள் இகாமாவை, அதாவது வசிப்பிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், குவைத் பொறியாளர்கள் சங்கத்திடம் தடையில்லாச் சான்று வாங்கிவர வேண்டும் என்று 2018-ல் அந்நாட்டு அரசு கட்டாயமாக்கியது. அந்தச் சங்கம் இந்தியர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க எடுத்துக்கொண்ட அளவுகோல், என்பிஏ பட்டியல்.

இங்கதான் சிக்கல் ஆரம்பித்தது. பல ஆண்டுகளாக அங்கே இன்ஜினியராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் படிப்பு, அவர்கள் படித்த காலத்தில் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டம் போலி கிடையாது. பல்கலைக்கழகம் முறையானது. கல்லூரிக்கு ஏஐசிடிஇ ஒப்புதலும் இருந்தது. ஆனாலும் ‘இன்ஜினியர்’ என்ற பதவிப் பெயரில் இகாமாவைப் புதுப்பிக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான இந்தியர்களைப் பாதித்த இந்த விவகாரத்தை, அப்போதைய வெளியுறவுத்துறை அமைச்சர் சுஷ்மா சுவராஜ் குவைத் அரசிடம் எடுத்துச் செல்லும் அளவுக்குப் போனது.

இவர்களில் ஒரு பகுதியினர் என்பிஏ என்ற அமைப்பே வருவதற்கு முன்பு படித்தவர்கள். அவர்கள் சேரும்போது இதையெல்லாம் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. இன்று சேரப்போகும் மாணவருக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. எனவே எந்த அமைப்பு எதற்குப் பொறுப்பு என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே சொல், மூன்று அர்த்தம்

குழப்பத்தில் பாதிக்குக் காரணம், எல்லாவற்றையும் தமிழில் ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவது. உண்மையில் இங்கே மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

• ஒப்புதல்: கல்லூரி நடத்தவும், படிப்பு தொடங்கவும், இத்தனை சீட் நிரப்பவும் தரப்படும் அனுமதி. இதைத் தருவது ஏஐசிடிஇ.

• இணைப்பு: கல்லூரியைத் தன் குடையின் கீழ் சேர்த்துக்கொண்டு பல்கலைக்கழகம் தருவது. பட்டம் இதன் வழியாகத்தான் வருகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளுக்கு இது அண்ணா பல்கலைக்கழகம்.

• தரச்சான்று: நடத்துகிற கல்வி எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து ஒரு குழு வந்து மதிப்பிட்டுச் சொல்வது. இதைத் தருபவை நாக், என்பிஏ.

ஓட்டலை வைத்துச் சொன்னால் புரியும். கடை நடத்த லைசென்ஸ் வாங்குவது வேறு, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டுப் பார்த்தவர் சொல்வது வேறு. ‘ஏஐசிடிஇ அப்ரூவ்டு’ என்பது லைசென்ஸ் மட்டும்தான்.

ஏஐசிடிஇ: அனுமதி தரும் அமைப்பு

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, சுருக்கமாக ஏஐசிடிஇ, 1945-ல் ஓர் ஆலோசனை அமைப்பாகத் தொடங்கப்பட்டது. 1987-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியதன் மூலம் சட்ட அதிகாரம் பெற்றது.

நிலம், வகுப்பறை, ஆய்வகம், ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் தருவது இதன் முக்கிய வேலை. உதாரணமாக, இளநிலைப் பொறியியலில் 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். ஒரு துறையில் 240 பேர் படித்தால் 12 ஆசிரியர்கள் என்பது கணக்கு. முன்பு இது 15-க்கு ஒருவர் என்று இருந்தது.

சரி, இந்த ஒப்புதல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பே பதில். நாட்டின் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய முன் அனுமதி இல்லாமல் தொலைநிலைக் கல்வியில் பொறியியல் பட்டம் வழங்கிய வழக்கு அது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்து பட்டம் வாங்கியவர்களின் பட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஏஐசிடிஇ நடத்தும் தேர்வை எழுதித் தேறினால்தான் பட்டம் திரும்பச் செல்லும் என்றது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாகின. வேலைக்குச் சேர்ந்து, பதவி உயர்வும் வாங்கி, பத்தாண்டுக்கு மேல் ஆனவர்கள் மறுபடியும் பரீட்சை ஹாலில் உட்கார வேண்டிய நிலை வந்தது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் உருவான பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தத் துறையில் படிப்பு தொடங்க ஏஐசிடிஇயின் முன் அனுமதி தேவையில்லை என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கு அது. தரத்தைக் கடைப்பிடிக்க வேண்டிய கடமை அவற்றுக்கும் உண்டு. அந்தச் சலுகை இணைப்புக் கல்லூரிகளுக்குக் கிடையாது. அவற்றுக்கு ஒப்புதல் கட்டாயம்.

ஆக, கவுன்சலிங் பட்டியலில் இருக்கும் ஒரு கல்லூரி ‘நாங்கள் ஏஐசிடிஇ அப்ரூவ்டு’ என்று பெருமையாகச் சொல்வதில் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. அது இல்லாமல் அந்தப் பட்டியலுக்கே வந்திருக்க முடியாது.

நாக்: மொத்தக் கல்லூரிக்கும் ஒரே கிரேடு

நாக் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் 1994-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தேசிய மதிப்பீட்டு அமைப்பு. கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பல்கலைக்கழகம் என எல்லா வகை நிறுவனங்களையும் இது மதிப்பிடுகிறது.

4 புள்ளிகளுக்குக் கணக்கிட்டு கிரேடு தருவதுதான் நாக் முறை. 3.51-க்கு மேல் வாங்கினால் ‘ஏ பிளஸ் பிளஸ்’. 3.26 முதல் 3.50 வரை ‘ஏ பிளஸ்’. இப்படியே இறங்கி, 1.50 அல்லது அதற்குக் கீழே போனால் ‘டி’, அதாவது தரச்சான்று கிடையாது.

இங்கே கவனிக்க வேண்டியது, நாக் பார்ப்பது நிறுவனத்தை. நிர்வாகம், நூலகம், ஆராய்ச்சி, மாணவர் வசதி எல்லாம் சேர்ந்த மொத்த மதிப்பெண் அது. ஒரு கல்லூரியின் மெக்கானிக்கல் துறை பிரமாதமாகவும், நேற்று தொடங்கிய ஒரு துறை சுமாராகவும் இருக்கலாம். கிரேடு இரண்டுக்கும் ஒன்றுதான். குறிப்பிட்ட துறை எப்படி என்று நாக் கிரேடை வைத்துச் சொல்ல முடியாது.

என்பிஏ: சான்று கல்லூரிக்கு அல்ல, படிப்புக்கு

துறையைப் பார்ப்பதற்கென்றே இருக்கும் அமைப்புதான் என்பிஏ, தேசிய தரச்சான்று வாரியம். 1994-ல் ஏஐசிடிஇயின் ஒரு பிரிவாகத் தொடங்கி, 2010 ஜனவரியில் தன்னாட்சி அமைப்பாகப் பிரிந்தது.

‘எங்கள் கல்லூரி என்பிஏ அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரம் சொன்னால், அந்த வாக்கியமே முழுமையானது இல்லை. எந்தப் படிப்பு? எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை? என்பிஏ சான்று ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. எட்டுத் துறைகள் உள்ள கல்லூரியில் மூன்றுக்கு மட்டும் சான்று இருக்கலாம். அந்த மூன்றுக்கும்கூட ஆயுள் உண்டு. மூன்று ஆண்டு அல்லது ஆறு ஆண்டு. பிறகு மறுபடியும் விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. ஒரு படிப்பில் குறைந்தது இரண்டு பேட்ச் மாணவர்கள் படித்து முடித்த பிறகே அதற்கு என்பிஏ சான்று கேட்க முடியும். ஒரு கல்லூரி 2022-ல் ஒரு புதிய படிப்பைத் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பேட்ச் 2026-ல் வெளியே வரும், இரண்டாவது பேட்ச் 2027-ல். அதுவரை அந்தப் படிப்புக்குச் சான்று வாங்க வழியே இல்லை.

செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று இப்போது சீட்டுக்குப் போட்டி நடக்கும் படிப்புகளில் பலவும் அண்மையில் வந்தவை. சிவில், மெக்கானிக்கல் துறைகளுக்கு வாங்கிய சான்றைக் காட்டி, புதிய படிப்புக்கு ஆள் சேர்க்கும் விளம்பரத்தைப் பார்த்தால் உஷாராக இருக்க வேண்டும்.

எதைப் பார்த்து மார்க் போடுகிறார்கள்?

என்பிஏ, ‘என்ன நடத்தினீர்கள்’ என்பதைவிட ‘மாணவருக்கு என்ன வந்தது’ என்று கேட்கிறது. ஒரு பிரச்சினையைப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா, அதற்கு ஒரு தீர்வை வடிவமைக்கத் தெரிகிறதா, குழுவாக வேலை செய்ய வருமா, பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பற்றிய பொறுப்பு இருக்கிறதா என்று படிப்பு முடிக்கும் மாணவரிடம் இருக்க வேண்டிய திறன்களின் பட்டியல் ஒன்று உண்டு.

பல கல்லூரி வினாத்தாள்களில் கேள்விக்குப் பக்கத்தில் ‘சிஓ 1’, ‘சிஓ 2’ என்று அச்சிட்டிருப்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் கேள்வி எந்தத் திறனைச் சோதிக்கிறது என்பதற்கான குறியீடு அது. நல்ல துறைகளில் இதை வைத்துப் பாடத்தையும் புராஜெக்டையும் மாற்றி அமைக்கிறார்கள். மற்ற இடங்களில் ஆய்வுக்குழு வருவதற்கு முந்தைய வாரம் ஃபைல் நிரப்பும் வேலையாக முடிந்துவிடுகிறது.

வாஷிங்டன் உடன்படிக்கை: வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு

1989-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. ‘உங்கள் நாட்டில் நீங்கள் தரச்சான்று கொடுத்த பொறியியல் படிப்பை, எங்கள் நாட்டுப் படிப்புக்கு இணையாக நாங்கள் ஏற்கிறோம்’ என்பதுதான் சாரம். பிறகு ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா என்று பலரும் சேர்ந்தார்கள். இந்தியா 2007-ல் தற்காலிக உறுப்பினராகி, 2014 ஜூனில் நிரந்தர உறுப்பினரானது. இலங்கையும் அதே 2014-ல்தான் நிரந்தர உறுப்பினரானது.

இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்ட அமைப்பு என்பிஏ. அப்படியென்றால் என்பிஏ சான்று பெற்ற எல்லாப் படிப்புக்கும் இந்த மதிப்பு கிடைக்குமா?

கிடைக்காது. பல குடும்பங்களுக்குத் தெரியாத விஷயம் இது.

என்பிஏ கல்லூரிகளை ‘டயர் 1’, ‘டயர் 2’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஐஐடி, என்ஐடி, பல்கலைக்கழகங்கள், தன்னாட்சிக் கல்லூரிகள் போன்றவை டயர் 1. பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும், தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் டயர் 2. வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் வருவது டயர் 1 முறையில் சான்று பெற்ற படிப்புகள் மட்டுமே. டயர் 2 சான்று நாட்டுக்குள் மதிப்புள்ளதுதான். ஆனால் இந்த உடன்படிக்கைக்குள் அது வராது.

நடைமுறையில் இதனால் என்ன வித்தியாசம்? ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர விரும்பும் பொறியாளரின் தகுதியை ‘இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா’ என்ற அமைப்பு மதிப்பிடுகிறது. உடன்படிக்கைக்குள் வரும் படிப்பை, சான்று செல்லும் ஆண்டில் முடித்தவர்களுக்கு நேரடி வழி இருக்கிறது. மற்றவர்கள் தாங்கள் செய்த வேலைகளை விவரித்து, திறமையை நிரூபிக்கும் நீண்ட அறிக்கை ஒன்றைத் தயாரித்துச் சமர்ப்பிக்க வேண்டும். கதவு மூடப்படுவதில்லை, சுற்றுவழியில் போக வேண்டியிருக்கிறது.

அதே நேரம், உடன்படிக்கை இருக்கிறது என்பதால் விசாவோ வேலையோ தானாக வந்துவிடாது. ‘இங்கே படித்தால் அமெரிக்காவில் நேரடி வேலை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முத்திரை இருந்தால் தரம் உறுதியா?

இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல முடியாமல் செய்த இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன.

2024 ஜூலையில், அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலை ஒப்பிட்டு ஒரு புகாரை வெளியிட்டது. 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்றும், 224 கல்லூரிகள் இதில் தொடர்புடையவை என்றும் அது கூறியது. ஒரே நபர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்கு இருந்தது. முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது.

2025 பிப்ரவரியில், ஆந்திராவில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல கிரேடு தர லஞ்சம் வாங்கியதாக எழுந்த குற்றச்சாட்டில், நாக் ஆய்வுக்குழுவினர் உட்பட 10 பேரை சிபிஐ கைது செய்தது.

முதல் சம்பவம் வெறும் ஆள் மாறாட்டம் இல்லை. ஏஐசிடிஇ ஒப்புதல், பல்கலைக்கழக இணைப்பு, நாக் கிரேடு, என்பிஏ சான்று, என்ஐஆர்எஃப் தரவரிசை என எல்லாவற்றுக்கும் அடிப்படைத் தகவல் ஒன்றுதான். எத்தனை ஆசிரியர்கள், என்ன தகுதி, எத்தனை ஆண்டு அனுபவம்? அந்தத் தகவலைத் தருவதும் கல்லூரிதான். ஆய்வுக்குழு ஒன்றிரண்டு நாள் வந்து போகும். ஆசிரியர் பட்டியல் பொய்யாக இருந்தால், அதன் மேல் குத்தப்படும் எல்லா முத்திரையும் ஆட்டம் காணும்.

இதற்கு மாற்றாக, 2020 தேசியக் கல்விக் கொள்கை அனுமதி கொடுக்கும் அமைப்பையும் தரச்சான்று கொடுக்கும் அமைப்பையும் தனித்தனியாகப் பிரித்து ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவரச் சொல்கிறது. முன்னாள் இஸ்ரோ தலைவர் கே.ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, கிரேடுகளுக்குப் பதிலாக ‘தரச்சான்று உண்டு / இல்லை’ என்ற இருநிலை முறைக்கு மாறுவதாக 2024 ஜனவரியில் நாக் அறிவித்தது. அமைப்பு எப்படி மாறினாலும், கல்லூரி தரும் தகவலை யார், எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

டாக்டருக்கு உண்டு, வக்கீலுக்கு உண்டு... இன்ஜினியருக்கு?

மருத்துவர் தொழில் செய்ய மருத்துவக் கவுன்சிலில் பதிவு வேண்டும். வழக்கறிஞருக்கு பார் கவுன்சில். கட்டடக் கலைஞர்களுக்குக்கூட 1972 சட்டப்படி தனிக் கவுன்சில் இருக்கிறது. பொறியாளர்களுக்கு நாடு முழுவதற்குமான அப்படியொரு சட்டபூர்வப் பதிவு முறை இல்லை.

1920-ல் தொடங்கப்பட்ட இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் இருக்கிறது. அது ஒரு தொழில்முறை அமைப்பு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு அது நடத்தும் ‘ஏஎம்ஐஇ’ தேர்வு ஒரு காலத்தில் பெரிய வாய்ப்பாக இருந்தது. ஆனால் 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அதைப் பொறியியல் பட்டத்துக்கு இணையாக மத்திய அரசு ஏற்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கு சென்னை தரமணியில் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் 1964 முதல் இயங்குகிறது. இவையெல்லாம் கல்விக்குத் துணை நிற்பவை. தனிப்பட்ட இன்ஜினியருக்கு ‘இவர் தகுதியானவர்’ என்று சான்று கொடுக்கும் பொது அமைப்பு இல்லாததால், அவர் படித்த படிப்பின் தரச்சான்றே பல இடங்களில் அவரது அடையாளமாகிவிடுகிறது. குவைத்தில் நடந்தது அதுதான்.

சாய்ஸ் ஃபில்லிங் செய்வதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

• என்பிஏ இணையதளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய படிப்பின் பெயர் பட்டியலில் இருக்கிறதா?

• எந்த ஆண்டு வரை செல்லும் என்று இருக்கிறது? நீங்கள் சேரும் ஆண்டைவிட முடிக்கும் ஆண்டு முக்கியம். நடுவில் காலாவதியாகிறது என்றால், இதற்கு முன் தொடர்ந்து புதுப்பித்து வந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

• டயர் 1-ஆ, டயர் 2-ஆ? வெளிநாட்டுத் திட்டம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

• நாக் கிரேடு என்றால் எந்த ஆண்டு வாங்கியது, இன்னும் செல்லுபடியாகிறதா?

• கல்லூரி இணையதளத்தில் ‘கட்டாய வெளிப்படுத்தல்’ பகுதியில் அந்த ஆண்டுக்கான ஏஐசிடிஇ ஒப்புதல் கடிதம் இருக்கும். சேரப்போகும் படிப்பும் சீட் எண்ணிக்கையும் அதில் இருக்கிறதா?

• அதே இணையதளத்தில் துறை ஆசிரியர்களின் பட்டியலும் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே படிக்கும் ஒரு மாணவரிடம் பேசுங்கள். “இதுல எத்தனை பேர் உங்களுக்கு கிளாஸ் எடுக்கிறாங்க?” என்று கேட்டுப் பாருங்கள்.

என்பிஏ இல்லாத படிப்பெல்லாம் மோசம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. புதிய படிப்புக்கு அது கிடைக்கவே சில ஆண்டுகள் ஆகும். நல்ல கல்லூரிகளிலும் விண்ணப்பிக்காத துறைகள் உண்டு. கட்-ஆஃப், ஊர், கட்டணம், வீட்டுச் சூழ்நிலை எல்லாம் சேர்ந்துதான் முடிவு எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, சேரும் முன் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. படித்து முடித்தபின் சான்றிதழில் பட்டத்தின் பெயரையும் ஆண்டையும் யாராலும் மாற்ற முடியாது.